காற்றில் ஒரு கூட்டுக் கணக்கு

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வேதியியல் என் பாடம் அல்ல; வரவு செலவு பார்க்கத் தெரியும். அந்த முறையில் அம்மோனியாவைப் பார்ப்போம்.

அம்மோனியா என்றதும் 2023 டிசம்பரில் எண்ணூரில் குழாய் கசிந்தது உங்களுக்கு நினைவு வரும். அது தொழிற்சாலை விபத்து. ஆனால் உலகில் காற்றில் கலக்கும் அம்மோனியாவில் பெரும்பங்கு வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும்தான் போகிறது.

45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது சுமார் 20.7 கிலோ நைட்ரஜன். அதை நெல் வயலில் நிற்கும் தண்ணீரின் மேல் தூவினால், வெயிலும் காற்றும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைக்கூட அம்மோனியாவாகக் கிளப்பிவிடும். மூட்டைக்கு 7 கிலோ. விவசாயிக்கு அது நஷ்டக் கணக்கு.

கிளம்பியது எங்கே போகிறது? ஒரு பகுதி சில மணி நேரத்திலேயே பக்கத்து மண், இலை, ஏரித் தண்ணீர் ஆகியவற்றில் படிந்துவிடும். மழை வந்தால் கரைந்து இறங்கும். மீதிதான் நம் வீட்டு விஷயம். வண்டிப் புகையிலிருந்தும் நிலக்கரி மின்நிலையப் புகையிலிருந்தும் காற்றில் அமிலங்கள் உண்டாகின்றன. அம்மோனியா அவற்றோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் என்னும் நுண்துகளாகிறது. துகளானால் பல நாள் மிதக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும், நுரையீரலின் அடிவரை இறங்கும். நைட்ரேட் நம் ஊர் வெப்பத்தில் மறுபடி பிரிந்துவிடக் கூடும், சல்பேட் பிரியாது.

ஆகவே செல்போனில் காற்றுத் தரம் பார்க்கும்போது அம்மோனியா குறைவாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். 2009-இல் வகுத்த தேசியத் தர அளவில், 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு அம்மோனியாவுக்கு 400 மைக்ரோகிராம், பி.எம். 2.5 துகளுக்கு 60 மட்டுமே. அம்மோனியாவில் ஒரு பங்கு அந்த இரண்டாவது பத்தியில் வரவு வைக்கப்பட்டிருக்கும்.

பழியை விவசாயி தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. இது கூட்டுக் கணக்கு. அம்மோனியா அவர் போட்டது, அமிலம் நாம் போட்டது. திருநீர்மலையிலிருந்து பல்லாவரத்துக்கு ஆளுக்கொரு வண்டியில் போகிறோமே, அதுவும் இதில் சேரும்.

நாம் செய்யக்கூடியவை மூன்று. மாடித் தோட்டத்தில் யூரியாவை மேலாகத் தூவாமல் மண்ணுக்குள் கலந்து உடனே தண்ணீர் விடுங்கள். சொந்த ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், உழுபவரிடம் யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்து இடச் சொல்லுங்கள். இலை வண்ண அட்டையைப் பார்த்து, தேவைக்கு மட்டும் பிரித்து இடச் சொல்லுங்கள். மூன்றாவது, ஒரே திசையில் போகிறவர்கள் ஒரே வண்டியில் போங்கள்.

நம் குடியிருப்பில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். கணக்கு நேராக வேண்டியது அவர்களுக்காகத்தான்.