மருந்து தொடங்கியபின் காய்ச்சல் வந்தால் மருந்தை விட்டுவிடாதீர்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், பேர், கொழுந்து நிறுவை என்று பேசுகிற இடத்தில் இன்று எச்.ஐ.வி. பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் இருக்கிறது.

நமது உறுப்பினர் ஒருவர். பெயரும் தோட்டமும் வேண்டாம். இதைச் சொல்ல அவரே சம்மதம் தந்தார். இருமலோடு மெலிந்து கிடந்தவருக்குக் காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒன்றாகத் தெரியவந்தன. முதலில் காசநோய் மாத்திரை, இரண்டு வாரத்தில் எச்.ஐ.வி. மாத்திரை. உடம்பு தேறி வந்தது. பிறகு திடீரென்று காய்ச்சல் திரும்பியது, கழுத்தில் நெறி கட்டி வீங்கியது. "இந்த மாத்திரைதான் என்னைக் கொல்லுது டீச்சர்" என்று இரண்டு மருந்தையும் நிறுத்திவிட்டார். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோதுதான் விஷயம் விளங்கியது.

காவல்காரன் நோயில் படுத்திருக்கும்போது திருடன் வீட்டுக்குள் புகுந்தால் சத்தமே வராது. காவல்காரன் எழும்பினால்தான் அடிபிடி, சட்டி பானை உடையும். எச்.ஐ.வி. நமது உடம்பின் காவலைப் படுக்கவைக்கிறது. மருந்து அந்தக் காவலை எழுப்புகிறது. எழும்பிய காவல், உள்ளே இருக்கும் காசநோய்க் கிருமியோடு மோதுகிறது. அந்த மோதல்தான் காய்ச்சலும் வீக்கமும். மருந்து வேலை செய்யாததால் வந்தது அல்ல. வேலை செய்யத் தொடங்கியதால் வந்தது.

இது எல்லோருக்கும் வருவதில்லை. நோய் முற்றிய பிறகு, சி.டி.4 எண்ணிக்கை 100க்கும் கீழே போன பிறகு மருந்து தொடங்குவோருக்கே அதிகம். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். சிலருக்கு அதுவரை தெரியாமல் இருந்த காசநோய் அப்போதுதான் வெளியே தெரியும். ஆகவே நேரத்தோடு பரிசோதனை செய்துகொள்வதே முதல் பாதுகாப்பு.

வந்தால் என்ன செய்வது? மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் காவல் மறுபடி படுத்துவிடும்; கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும். உடனே கிளினிக்குக்குப் போகவேண்டும். காய்ச்சல் வேறு காரணத்தாலும் வரலாம், அதை டொக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். தேவைப்பட்டால் வீக்கத்தை அடக்கும் மருந்து தருவார். கடுமையான தலையிடி, வாந்தி, கண் மங்கல், மூச்சு முட்டு, வலிப்பு இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவர் கிளினிக்குக்குப் போகாததற்குப் பயம் மட்டும் காரணமல்ல. போனால் அன்றைய பேர் போகும். ஏன் போனாய் என்று கேள்வி வரும். அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் காப்பார்கள். ஆனால் பஸ் காசும் போன பேரும் இலவசமில்லையே!

சர்வதேச தொழில் தாபனத்தின் 2010ஆம் ஆண்டின் 200ஆம் இலக்கப் பரிந்துரை தெளிவாகச் சொல்கிறது: எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக்கூடாது, பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது, தன் நிலையை வெளியே சொல்லும்படி தொழிலாளியை வற்புறுத்தக்கூடாது. அது சட்டமல்ல. ஆனால் நிர்வாகத்தோடு பேசும் மேசையில் வைக்கக்கூடிய ஆயுதம். கிளினிக் சீட்டு காட்டினால் போதும், என்ன நோய் என்று யாரும் கேட்கக்கூடாது, அன்றைய பேரும் வெட்டக்கூடாது. இதுவே நமது கோரிக்கை.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பதால், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால் எச்.ஐ.வி. தொற்றாது. தெரிந்த இரகசியத்தை லயத்தில் பரப்பாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் கடைசி நேரம்வரை கிளினிக் பக்கம் போவதில்லை.

நமது தோழர் மருந்தை மறுபடி தொடங்கினார். வீக்கம் மெல்ல வற்றியது. இன்று அவர் நம்மோடு மலையில் நிற்கிறார். யாரென்று தேடாதீர்கள்.