கோட்டையும் ஒளியும்: ஏற்காட்டு மலையில் ஒரு பருவத்துப் பாடம்



தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் பையில் தமிழுக்கு ஒரு புத்தகம், கணக்குக்கு ஒரு புத்தகம், அறிவியலுக்கு ஒரு புத்தகம், சமூக அறிவியலுக்கு ஒரு புத்தகம் இருக்கின்றன. மணி அடித்தால் ஒன்று மூடப்பட்டு மற்றொன்று திறக்கப்படுகிறது. பிள்ளையின் கண்முன் நிற்கும் உலகமோ அவ்வாறு பகுக்கப்பட்டதன்று. ஒரு மதிற்சுவரின் நிழலில் வரலாறும் கணக்கும் அறிவியலும் சேர்ந்தே கிடக்கின்றன.

ஒரு பொருளை நடுவில் நிறுத்திப் பல பாடங்களையும் அதனோடு இணைத்துக் கற்பிக்கும் முறை புதியதன்று. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையை விளக்கி எழுதினார். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றப் பாடங்களைக் கற்பிக்கச் சொன்னது. இன்று இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் கோட்டையும் ஒளியும் இவ்வாறு எடுத்துக்கொள்ளப்படும் பொருள்களுள் அடங்கும்.

அந்நாட்டுப் புத்தகங்கள் இங்குள்ள ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கும் வருகின்றன. அதனால் கோட்டை என்றதும் தூக்குப்பாலமும் இரும்புக் கவசம் பூண்ட வீரனும் வரைகின்ற பிள்ளைகள் உளர். செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளைப் பூர்விகமாகக் கொண்ட சமணக் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அதற்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பாராமல் வளரும் பிள்ளைக்கு ஏற்படும் இழப்பைப் பின்னாளில் எந்த மதிப்பெண்ணும் ஈடுசெய்யாது.

இந்த இரு பொருள்களையும் கற்பிக்கச் சேர்வராயன் மலை மிகவும் ஏற்ற இடம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் நூற்றாண்டைக் கடந்த உறைவிடப் பள்ளிகள் உள்ளன. மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகள் பயிலும் சிற்றூர்ப் பள்ளிகளும் உள்ளன. தமிழ்நாட்டு முப்பருவ முறையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இரண்டாம் பருவத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். தீபாவளி பெரும்பாலும் இப்பருவத்தில் வருவதும் பொருத்தமே.

முதல் நான்கு வாரம் கோட்டைக்கு உரியது. ஏற்காட்டிலேயே 'கிரேஞ்ச்' என்னும் பழைய கட்டடம் உண்டு. சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் அதை 1820களில் கோட்டை போன்ற தோற்றத்தில் கட்டினார் என்பர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அதற்கு அரண் அமைத்துப் பீரங்கி நிறுத்தி, நிலவறையில் ஆறு மாத உணவைச் சேமித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. இங்கேயே வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது. கண்ணால் காண்பது எது, பிறர் சொல்லக் கேட்பது எது என்று பிள்ளைகள் இரண்டு பத்திகளாக எழுதவேண்டும். "அந்த வீட்டுக்காரர் யாரைக் கண்டு அஞ்சினார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் பாடம் பாதி முடிந்தது.

மலையடிவாரத்துக்கு அப்பால், சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் வழியில் சங்ககிரிக் கோட்டை உள்ளது. குன்றின் சரிவில் மதிலுக்கு மேல் மதிலாக அது ஏறிச் செல்கிறது. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட இடம் அது. ஒரு நாள் பயணமாக அங்கே சென்று வரும் பிள்ளைகள் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே இறங்கலாம். செங்குத்துச் சரிவில் வண்டி நேராக ஏற இயலாது. அதனால் சாலை வளைகிறது. பகைவன் நேராக ஓடி வந்து கதவை மோதக் கூடாது. அதனால் கோட்டைப் பாதையும் வளைகிறது. சரிவு என்னும் கணக்குக் கருத்து இவ்வாறு கால்களின் வழியாகப் புகுகிறது.

தமிழ்ப் பாடத்துக்குச் சொற்கள் நிறைய உள்ளன. மதில், அகழி, ஞாயில், கொத்தளம், பெருங்கதவினுள் ஓர் ஆள் நுழையுமளவு அமைந்த திட்டிவாசல் ஆகிய சொற்களை அட்டையில் செய்த கோட்டையின்மீது பிள்ளைகளே எழுதி ஒட்டலாம். திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், வெற்றுநிலம், மலை, காடு ஆகியவற்றையே அரணாகக் கூறுவதைக் காட்டினால், தாங்கள் வாழும் மலையும் ஓர் அரண் என்று அவர்கள் உணர்வர். சீவக சிந்தாமணி இராசமாபுரத்தின் மதிலையும் அகழியையும் வருணிப்பதை ஆசிரியர் கதையாகச் சொல்லலாம். அந்தப் பெருங்காப்பியத்தைத் தந்த திருத்தக்கதேவர் சமணத் துறவி என்பதை அவ்வேளையில் சொல்லாமல் விடுவது முறையன்று.

அடுத்த நான்கு வாரம் ஒளிக்கு உரியது. பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைச் செங்குத்தாக நட்டு, நண்பகலை ஒட்டி நிழல் மிகவும் குறுகும் வேளையில் அதை அளக்கவேண்டும். காந்தி பிறந்த நாளை ஒட்டி அந்நிழல் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் இருக்கும். டிசம்பர் 21ஆம் நாளை ஒட்டி ஏறக்குறைய 70 சென்டிமீட்டராக நீண்டிருக்கும். வாரம் ஒருமுறை அளந்து வரைபடமாக்கினால் கதிரவன் தெற்கே செல்வதைப் பிள்ளைகள் தம் கையெழுத்திலேயே காண்பர். பனி மூடிய நாளில் "இன்று நிழல் இல்லை" என்று எழுதுவதும் ஒரு பதிவே; இட்டுக்கட்டி ஓர் எண்ணை எழுதலாகாது. கதிரவனை நேராக நோக்கலாகாது என்பதை முதல் நாளிலும் ஒவ்வொரு நாளிலும் சொல்லவேண்டும்.

பனியும் நல்லாசிரியரே. தெளிந்த காற்றில் கைவிளக்கின் ஒளிக்கற்றை பக்கவாட்டில் புலப்படாது. பனியில் அது நீண்ட கோல்போலத் தெரியும். நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம். சேர்வராயன் கோயிலின் இருண்ட குகைக்குள் நுழைந்தவுடன் ஒன்றும் தெரியாமல், சிறிது நேரத்தில் மெல்லத் தெரிவதை மலைவாழ் பிள்ளைகள் அறிவர். கண்மணி விரிவதையும் விழித்திரை இருளுக்குப் பழகுவதையும் அந்தப் பட்டறிவிலிருந்து விளக்கலாம். மாலையில் லேடீஸ் சீட் முனையிலிருந்து கீழே சேலம் நகரின் விளக்குகளைக் காட்டி, அவற்றுள் எவை வழிகாட்ட எரிகின்றன, எவை வீணே எரிகின்றன என்று கேட்கலாம்.

சமணப் பிள்ளைக்கு ஒளி வீட்டுப் பாடமும் ஆகும். கதிரவன் மறையுமுன் உண்ணுதல் ஏன் என்று கேட்டால், வழக்கம் என்று மட்டும் விடை சொல்லிவிடுவோர் பலர். விளக்கின் ஒளியை நாடிப் பூச்சிகள் வருவதையும், அவை உணவிலும் சுடரிலும் விழுந்து மடிவதையும் பிள்ளையே கண்டு குறித்து வந்தால், முன்னோர் கொண்ட இரவுண்ணாமை நோன்பின் அருள் விளங்கும். நோன்பு அச்சத்தால் அன்றி அறிவால் நிலைபெறும்.

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடும்பத்துப் பிள்ளைக்குப் போர்க்கருவியாகிய கோட்டையைக் கற்பிப்பது தகுமா? தகும். வென்றவர் பெருமையோடு பாடத்தை முடித்துவிட்டால்தான் தகாது. கடைசி நான்கு வாரம் அதற்காகவே உள்ளது.

கோட்டையும் ஒளியும் ஒருங்கே அமைந்த இடம் ஒன்றைச் சமண மரபு அறியும். அது சமவசரணம். அதற்கும் மதில்கள் உண்டு. நான்கு திசையிலும் வாயில்கள் உண்டு. அந்த வாயில்கள் தடுப்பதற்காக அமைந்தவை அல்ல. தேவரும் மனிதரும் விலங்கும் பறவையும் பன்னிரண்டு அவைகளில் அமர்ந்து அறம் கேட்கின்றனர். சிங்கமும் மானும் பகை மறந்து இருக்கின்றன. வாயிலில் உள்ள மானத்தம்பத்தைக் கண்டவர் செருக்கு நீங்குவர். நடுவில் வீற்றிருக்கும் இறைவனுக்கு ஒளிவட்டம் உண்டு, நிழல் இல்லை என்று மரபு கூறும். சித்தன்னவாசல் விதானத்தில் உள்ள தாமரைப் பொய்கை சமவசரணத்தின் ஒரு பகுதியைக் குறிப்பது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பிள்ளைகள் ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்துக் களிமண்ணில் இதனைச் செய்யலாம். கடிகார முகம் அறிந்த பிள்ளைக்கு அது எளிது. நிழலில்லா நிலையைப் பற்றிக் கேட்டால், ஏற்காட்டில் ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22 ஆகிய நாள்களை ஒட்டி நண்பகலில் செங்குத்துக் கோலுக்கு நிழல் விழாது என்பதைச் சொல்லலாம். அது வானியல் நிகழ்ச்சி. சமவசரணத்தின் நிழலின்மை சமய நம்பிக்கை. இரண்டையும் குழப்பாமல் இரண்டையும் மதிக்கக் கற்பிப்பதே நல்லாசிரியரின் கடமை. பிற சமயப் பிள்ளைகளும் பயிலும் வகுப்பில் தத்தம் மரபில் உள்ள ஒளியைப் பற்றி அவர்கள் சொல்ல இடம் தரவேண்டும். எல்லார்க்கும் வாயில் திறந்த சமவசரணத்தைக் கற்பிக்கும் வகுப்பு ஒருவரை வெளியே நிறுத்தலாகாது.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. எல்லாப் பாடத்தையும் ஒரே பொருளில் வலிந்து கட்டலாகாது. கோட்டை வரைந்ததனால் பெருக்கல் வாய்பாடு வந்துவிடாது. அதற்கு நாள்தோறும் பயிற்சி வேண்டும். இயல்பாகச் சேர்வன சேரட்டும். சேராதவை தம் பாடவேளையில் தனியே நடக்கட்டும். செலவும் பெரிதன்று. ஒரு கோல், அளவு நாடா, பழைய அட்டைப் பெட்டி, களிமண், கைவிளக்கு ஆகியவை போதும்.

பள்ளி இதைச் செய்யாவிடினும் குடும்பம் செய்யலாம். அறக்கட்டளை நடத்தும் ஞாயிறு வகுப்பும் செய்யலாம். மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு அடைந்தபோது, ஞான ஒளி மறைந்தமைக்கு ஈடாக மக்கள் விளக்கேற்றினர் என்பதே தீபாவளியைப் பற்றிச் சமணர் போற்றும் மரபு. வரும் தீபாவளியன்று விளக்கு வைக்கும் பிள்ளையிடம் அந்த விளக்கின் காரணத்தைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் அருகில் அமர்த்திச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் முற்றத்தில் ஒரு கோலை நடுங்கள்.

அறம் வளர்க! அருகன் அருள் ஓங்குக!