பீலித் தண்ணீருக்கு ஒரு படம்



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன்.

உமா ஓயா திட்டத்துக்காக மலைக்குள் 15 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டினார்கள். 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் அந்தச் சுரங்கத்துக்குள் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017இல் மறுபடியும் நீர் பாய்ந்தது, மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் திட்டத்தைத் திறந்தும் வைத்தாயிற்று.

கிணறு வற்றியதை யாருக்கும் காட்டலாம். முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது, எப்படி இருந்தது என்பதை எதைக் கொண்டு காட்டுவது? எழுதி வைத்த கணக்கு வேண்டும். நம்மிடம் அது இல்லை.

நம் பீலியில் வருவதும் ஊற்றுத் தண்ணீர்தான், நிலத்தடி நீர்தான். பீலிக்கு மேலே தேயிலை மலை, அதற்கு யூரியா போடுகிறோம். பக்கத்தில் கக்கூஸ் குழி. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது. 100 மில்லிலீட்டரில் ஒரு ஈ-கோலைக் கிருமிகூட இருக்கக் கூடாது என்பது குடிதண்ணீருக்கான விதி. கிருமி கொதிக்க வைத்தால் சாகும். உரத்திலிருந்தும் கக்கூஸ் குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று சாகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து.

அதனால் என் வகுப்புப் பிள்ளைகள் தோட்டத்தைப் படமாக வரையத் தொடங்கியிருக்கிறார்கள். லயம், பீலி, கக்கூஸ் குழி, மருந்து கலக்கும் இடம் எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு பீலிக்கும் ஒரு இலக்கம். மாதம் ஒரு தடவை பத்து லீட்டர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று பார்த்து, நிறத்தையும் மணத்தையும் சேர்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். வெயில் காலத்தில் ஒரு தடவையும் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சோடாப் போத்தலில் பிடித்துக் கொண்டு போனால் கிருமிப் பரிசோதனை பிழைத்துவிடும்; சுத்திகரித்த போத்தலைப் பி.எச்.ஐ. ஐயாவிடம் கேட்டு வாங்குவோம். அறிக்கை ஆபீஸ் லாச்சியில் தூங்கக் கூடாது, ஒரு பிரதி பிள்ளைமடுவச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

இன்னொன்று. தண்ணீர் சுமப்பது பெண்கள், அதைப் பற்றித் துரையிடம் பேசப் போவது ஆண்கள். எந்தப் பீலி எந்த மாதம் கலங்கும் என்று அக்காமாருக்குத்தான் தெரியும். ஆகவே கொப்பி அவர்கள் கையில் இருக்கட்டும், பேசவும் அவர்களே வரட்டும். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு லயத்துக்கு ஒருவர் வாளியோடு பீலிக்கரைக்கு வாருங்கள். மணிக்கூடு நான் கொண்டு வருகிறேன்.