முதுகின் அளவுக்கு ஒரு பை



ரவிக்கை தைக்கக் கொடுத்தால் தையல்காரர் தோள், மார்பு, கை, முதுகு இறக்கம் என்று ஒவ்வோர் இடமாக டேப் வைத்து அளக்கிறார். ஒரு விரல்கடை கூடினாலும் குறைந்தாலும் பிரித்துத் தைக்கச் சொல்கிறோம். தினமும் ஐந்து கிலோ, ஆறு கிலோவைச் சுமந்துகொண்டு பேருந்தில் நின்று போகிறோமே, அந்த முதுகுப்பைக்கு மட்டும் அளவே கிடையாது. நிறம் பார்க்கிறோம், ஜிப் எத்தனை என்று பார்க்கிறோம், வாங்கிவிடுகிறோம். ஐந்தடி உயரப் பெண்ணுக்கும் ஆறடி இளைஞருக்கும் கடைக்காரர் எடுத்துப்போடுவது ஒரே பை. மாலையில் கழுத்தடி வலித்தால் வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். வயதுக்கு அதில் பங்கிருக்கலாம். பைக்கும் நிச்சயம் இருக்கிறது.

வீட்டில் ஒரு தையல் மெஷினும், நேராகத் தையல் ஓட்டத் தெரிந்த கையும் இருந்தால் போதும், உங்கள் முதுகுக்கேற்ற பையை நீங்களே தைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அளவு. உங்கள் உயரம் இங்கே உதவாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு முதுகு நீளமாக இருக்கும். நமக்கு வேண்டியது முதுகின் நீளம். தலையைக் குனியுங்கள். கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். கழுத்தெலும்புகளில் அது ஏழாவது. டேப்பின் நுனியை அங்கே பிடிக்கும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். பிறகு இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள், கட்டைவிரல்கள் பின்பக்கம் இருக்கட்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு கைக்குத் தட்டுப்படும். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நேராக முதுகுத்தண்டில் ஒரு புள்ளி வைத்து, அதுவரை முதுகின் வளைவோடு டேப்பை இறக்கி அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 15 அங்குலத்திலிருந்து 21 அங்குலத்துக்குள் வரும்.

இந்த ஓர் எண் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். தோள்வார்கள் பையோடு சேரும் இடம், அந்தக் கழுத்தெலும்புக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் கீழே அமைய வேண்டும். பையின் அடிப்பாகம் இடுப்பைத் தாண்டி நான்கு அங்குலத்துக்கு மேல் தொங்கக் கூடாது. வார்கள் இரண்டுக்கும் இடையே மேலே இரண்டரை முதல் மூன்று அங்குல இடைவெளி விடுங்கள். அதற்குமேல் அகலவிட்டால் வார் தோளிலிருந்து நழுவும். நெருக்கினால் கழுத்தை அறுக்கும். குறுகிய தோள் உள்ளவர்கள் இந்த இடைவெளியை அரை அங்குலமாவது குறைத்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் பையில் இதை மாற்ற வழியே இல்லை.

அடுத்தது பையின் கனம், அதாவது முதுகிலிருந்து அது எவ்வளவு தூரம் பின்னால் நீள்கிறது என்பது. என்னைக் கேட்டால் முதுகுவலியின் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. நான்கு கிலோ எடை முதுகை ஒட்டி இருப்பதும், அதே நான்கு கிலோ ஒரு சாண் தள்ளி இருப்பதும் ஒன்றல்ல. தூரம் இரட்டித்தால் பின்னால் இழுக்கும் திருப்புவிசையும் இரட்டிக்கும். அதை ஈடுகட்ட உடல் முன்னால் சாய்கிறது, கழுத்து நீள்கிறது. எனவே பையை உயரமாகவும் அகலமாகவும் வரையுங்கள், புடைக்க விடாதீர்கள். 45 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால் இருபது லிட்டர் கொள்ளும். அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் அது தாராளம். மடிக்கணினிக்கும் புத்தகத்துக்குமான அறை முதுகை ஒட்டியே இருக்கட்டும். சாப்பாட்டு டப்பா அதற்குப் பின்னால் போகட்டும்.

இந்த இடத்தில் டிக் கெல்ட்டி என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைகளில் நடந்து திரிந்தவர். அக்காலத்து மரச்சட்டப் பைகள் தோளைக் கொன்றன. ஒருமுறை அவரும் நண்பரும் சட்டத்தின் கீழ்நுனிகளைத் தங்கள் கால்சட்டையின் பின்பாக்கெட்டுகளில் செருகிக்கொண்டு நடந்து பார்த்தார்கள். தோளில் இருந்த பாரம் சட்டென்று குறைந்தது. எடை இடுப்புக்கு இறங்கிவிட்டது. அந்த உணர்விலிருந்துதான் அவருடைய பைகளில் இடுப்புப்பட்டை வந்தது. 1952இல் வீட்டிலேயே தொழில் தொடங்கினார். அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தது அவர். நைலான் பைகளைத் தைத்தது அவர் மனைவி நீனா. 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவினர் கெல்ட்டி பைகளைத்தான் சுமந்தார்கள். வீட்டுத் தையல் மெஷினில் தொடங்கிய வேலை அது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இடுப்புப்பட்டை ஏன் உதவுகிறது? தோளின் மேல், வார் அழுத்தும் இடத்துக்கு அடியில், கைக்குப் போகும் நரம்புக் கற்றை ஓடுகிறது. கனமான பையை நெடுநேரம் சுமந்த ராணுவ வீரர்களுக்கும் மலையேறிகளுக்கும் கை மரத்து, பலமிழந்து போனதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இடுப்பெலும்போ பாரம் தாங்கவே அமைந்தது. ஆனால் வெறும் நாடாவை இடுப்பில் கட்டினால் எடை இறங்கிவிடாது. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே பையின் முதுகுப்பாகம் விறைப்பாக நிற்க வேண்டும். அது மடங்கினால் பட்டை சும்மா அலங்காரத்துக்குத்தான். பழைய யோகா விரிப்பை மடித்துச் செருகினாலே ஓரளவு விறைப்பு கிடைக்கும். ஏழெட்டு கிலோவுக்கு மேல் தூக்குபவர்களுக்கு இது அவசியம். அதற்குக் குறைவென்றால் நல்ல தோள்வார் போதும்.

இதற்கு நேரெதிர் வழியில் போனவரும் உண்டு. ரே ஜார்டின் என்பவர், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 4,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பசிபிக் கிரெஸ்ட் பாதையை மனைவியோடு நடந்தவர். சுமையையே குறைத்துவிட்டால் சட்டமும் வேண்டாம், இடுப்புப்பட்டையும் வேண்டாம் என்று சொல்லி, மெல்லிய பையைத் தானே தைத்துக்கொண்டார். பெரியவர்கள் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நான் ஜார்டின் பக்கம்தான். 1989இல் மாநிலங்களவையில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் பேச எடுத்துக்கொண்டது பள்ளிப்பிள்ளைகளின் புத்தகச் சுமையைத்தான். பிறகு இதை ஆராய யஷ்பால் குழு அமைந்தது, 1993இல் அறிக்கை தந்தது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரை கிலோ. இதில் வெறும் பையே ஒரு கிலோ இருந்தால் புத்தகத்துக்கு என்ன மிச்சம்? ஆகவே பிள்ளைக்குத் தைக்கும்போது அறைகளைக் குறையுங்கள், தேவையில்லாத ஜிப்பை விடுங்கள், பக்கிளைக் குறையுங்கள்.

இனி துணி. கேன்வாஸ் தைக்க எளிது, ஆனால் நனைந்தால் கனக்கும். முதலிலேயே அலசிக் காயப்போட்டுச் சுருங்கவிட்டு வெட்டுங்கள். உட்புறம் நீர்புகாப் பூச்சுள்ள நைலான் துணி நம் மழைக்கு ஏற்றது. கடையில் டெனியர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒன்பதாயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் டெனியர். முதற்பைக்கு 500 டெனியர் சரியான தேர்வு. ஆயிரம் என்றால் வீட்டு மெஷின் சில இடங்களில் திணறும். பூச்சுள்ள துணியில் குண்டூசி குத்தாதீர்கள், துளை அப்படியே நிற்கும். துணி காயப்போடும் கிளிப்பே போதும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். ஊசி 16ஆம் நம்பர், பல மடிப்பு சேரும் இடத்தில் 18. தையல் நீளம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்போம். கனத்த துணியில் நெருங்கிய துளைகள் கிழிசலுக்குத்தான் வழி காட்டும்.

வாருக்குள் வைக்கும் பஞ்சு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண ஸ்பாஞ்ச் தொட மெத்தென்று இருக்கும், சில மாதத்தில் சப்பையாகிவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் அடித்தளம் வரை இறங்கினால் அது வேண்டாம். ஈவிஏ ஷீட் என்று கேளுங்கள், பத்து மில்லிமீட்டர் தடிமனில். வாரின் அகலம் பெரியவருக்கு ஏழு சென்டிமீட்டர், சிறுபிள்ளைக்கு ஐந்து. நேர்க்கோடாக வெட்டாமல் மெல்லிய வளைவு கொடுங்கள், அக்குளில் உரசாது. பெண்களுக்கு மார்பை விட்டு விலகிப் போகும்படி வளைவைச் சற்றுக் கூட்டலாம். ஷீட்டையும் சேர்த்துத் தைக்கப் போராட வேண்டாம். வாரின் துணியை உறைபோல் தைத்து, புறம் திருப்பி, பிறகு ஷீட்டை உள்ளே நுழையுங்கள். முதுகுப்பாகத்திலும் இரண்டு செங்குத்துப் பட்டைகளாக ஷீட்டை வைத்து நடுவில் இரண்டு விரல் இடம் விட்டால், தண்டுவடத்தில் எதுவும் குத்தாது. அந்த வழியாகக் காற்றும் போகும். சித்திரை வெயிலில் அதன் அருமை தெரியும்.

நல்ல துணியை வெட்டுமுன் பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரிப்பை தைத்தே ஆக வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. செய்தித்தாளில் வரைந்து வெட்டி, சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு, பெரிய தையலாக ஓட்டி, நீங்கள் உண்மையாகவே தூக்கும் பொருள்களைப் போட்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். வார் தோளை முழுவதுமாக ஒட்டி வளைகிறதா, மேலே இடைவெளி தெரிகிறதா? தெரிந்தால் வார் சேரும் இடத்தைக் கீழே இறக்குங்கள். பென்சிலால் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மாதிரி சரியான பிறகு அதைப் பிரித்தால் அதுவே உங்கள் அளவுத் துண்டு.

தைக்கும் வரிசையில் முதுகுப்பாகமும் வார்களும் முதலில். பை மூடிய பிறகு உள்ளே மெஷின் போகாது. வார் பிய்வது பெரும்பாலும் மேல் இணைப்பில்தான். அங்கே ஒற்றைத் தையல் போடாமல் ஒரு கட்டம் தைத்து, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறிபோல் இரண்டு கோடு ஓட்டுங்கள். இழுவிசை ஒரே வரியில் விழாமல் பரவும். உள்பக்கம் ஒரு துண்டு நாடாவைக் கட்டாயம் சேருங்கள். நைலான் நாடாவின் வெட்டுமுனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. தடித்த இடங்களில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள்.

அப்படியும் மெஷின் ஊசி முறிகிறதென்றால், வார்களின் அந்த மேல் இணைப்புகளை மட்டும் விட்டுவையுங்கள். கடைத்தெருவில் பை ரிப்பேர் செய்பவரிடம் கனத்த தையல் மெஷின் இருக்கும். கட்டத்தையும் பெருக்கல் குறியையும் சுண்ணக்கட்டியால் துணியிலேயே வரைந்து எடுத்துப்போங்கள். உள்ளே வைக்கும் நாடாத் துண்டையும் மறக்காமல் கையோடு கொடுங்கள்.