ஜீத நோட்டும் சிபில் எண்ணும்

(ஜவளகிரியில் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் ஒரு தம்பி கேட்டார்: "சாதி ஒழிப்பு பேசற எடத்துல பேங்க் லோன் பத்தி என்னத்துக்குண்ணா பேசணும்?" நியாயமான கேள்வி. இதற்கு என் தாத்தாவிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

தாத்தா இந்தப் பக்கத்தில் ஒரு நிலக்காரரிடம் ஜீதம் இருந்தவர். கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்கு ஆளையே எழுதிக் கொடுத்த வாழ்க்கை. கடன் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. நிலக்காரரிடம் ஒரு நோட்டு இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கடன். காய்ச்சலில் ஒருநாள் படுத்தால் அதில் ஒரு வரி ஏறும். அதைப் படிக்கத் தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. காட்டு என்று கேட்கிற உரிமையும் கிடையாது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து அந்தக் கடனெல்லாம் செல்லாது என்றது. நோட்டு ஒழிந்தது என்றுதான் எங்கப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு வங்கிக் கிளையில் போய் நிற்கிற வரைக்கும்.

ஓசூர் சிப்காட்டில் பதினோரு வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக வெல்டிங் வேலை பார்த்தேன். சொந்தமாக ஒரு பட்டறை போடலாம் என்று தாட்கோ மூலம் கடனுக்கு மனு போட்டேன். தாட்கோ தருவது மானியம். கடனைக் கொடுக்க வேண்டியது வங்கி. தேர்வெல்லாம் முடிந்து மனு வங்கிக்குப் போனது. மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஏம்ப்பா, உன் சிபில் ரொம்பக் கம்மி. ஒண்ணும் பண்ண முடியாது." அவ்வளவுதான். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. தாத்தாவின் நோட்டு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் யாரிடமும் கடன் வாங்கி ஏமாற்றியதில்லை. பிறகு விசாரித்ததில் தெரிந்தது: கூட வேலை பார்த்த ஒருவரின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒப்பந்தக்காரர் மாறினார், ஒரே நாளில் எங்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். அவரால் நாலு மாசம் டியூ கட்ட முடியவில்லை. ஜாமீன் போட்டவன் கணக்கிலும் அது ஏறும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? சிபில் நிறுவனம் 2000இல் தொடங்கப்பட்டது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு கம்பெனிகள். நாம் வாங்கிய கடன், கட்டிய தேதி, தவறிய தவணை, எத்தனை இடத்தில் கடன் கேட்டோம் என்பதையெல்லாம் வங்கிகள் இவர்களுக்கு அனுப்பும். 300க்கும் 900க்கும் நடுவில் ஓர் எண் வரும். 750க்கு மேல் என்றால் வங்கிக்காரர் நாற்காலி போடுவார். கடனே வாங்காதவருக்கு எண்ணே இல்லை. சிபிலில் மைனஸ் ஒன்று என்று காட்டும்.

இங்கே ஒரு வாதம் உண்டு. நம் தோழர்களே சொல்கிறார்கள்: "எண் நல்லதுதானே? அதற்கு சாதி தெரியாது. மேனேஜர் முகத்தையும் காலனி விலாசத்தையும் பார்த்துக் கடன் கொடுத்த காலத்தைவிட இது மேல்." உண்மைதான். அந்த அறிக்கையில் சாதி என்று ஒரு கட்டம் கிடையாது. ஒழுங்காகத் தவணை கட்டின ஒரு காலனிப் பையனுக்கு, முன்பு மூடியிருந்த கதவை அந்த எண் திறந்தும் விட்டிருக்கிறது. இதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த எண் எதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று பாருங்கள். வங்கியும் அதுபோன்ற நிறுவனங்களும் கொடுத்த கடனைத்தான். இருபது வருஷம் தவறாமல் கட்டிய வீட்டு வாடகை அதில் இல்லை. தண்டல்காரனுக்கு மழையிலும் கட்டிய வட்டி அதில் இல்லை. வங்கிக்குள்ளேயே விடாதவனைப் பார்த்து உன் வங்கி வரலாறு எங்கே என்று கேட்கிறது அது. 1892இல் வெள்ளைக்காரக் கலெக்டர் டிரெமன்ஹீர் அறிக்கைக்குப் பிறகு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் நம் கையில் இருந்திருந்தால், மூன்று தலைமுறையாகப் பயிர்க்கடன் வரலாறும் இருந்திருக்கும். சாதியைக் கேட்காமலேயே சாதி செய்த வேலையை இந்த எண் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் 1930களில் அரசாங்க அமைப்பே நகர வரைபடம் போட்டு, கறுப்பர்கள் குடியிருந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, கடனுக்கு ஆபத்தான இடம் என்று குறித்தது. வீட்டுக் கடனில் பாகுபாட்டைச் சட்டம் தடுத்தது 1968இல்தான். 1989இல் ஃபைகோ எண் அறிமுகமானது. அதில் நிறம் கிடையாது. ஆனால் வீடு வாங்கவே விடாத ஒரு சமூகத்தின் வெறும் கை அதில் அப்படியே பதிவானது.

அடுத்து நம் பெண்கள். ஒவ்வொரு காலனியிலும் குழுக் கடன். இதுவும் அந்தக் கம்பெனிகளில் பதிவாகிறது என்று எத்தனை அக்காமாருக்குத் தெரியும்? குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்பது 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. மிரட்டி வசூல் செய்வதைத் தண்டிக்க 2025இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமும் வந்தது. ஆனால் வாசலில் வந்து உட்காருகிறவனிடம் இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

சரி, கடன் கேட்கும்போது இந்த எண் எவ்வளவு முக்கியம்? நடைமுறையில் ரொம்ப முக்கியம். சட்டப்படி அதுவே எல்லாம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள். அதனால் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை எண் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த வரம்பும் வைக்கவில்லை. முதன்முதலாகக் கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் வந்த அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இன்னும் முக்கியமானது: பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் மனுவைக் கிளை அளவிலேயே தள்ளுபடி செய்யக் கூடாது, அதற்கு மேல்நிலையில் இருக்கிற அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும், காரணமும் தெளிவாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையே இருக்கிறது. என்னிடம் "ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொன்ன அந்த அரை நிமிஷத்தில் இத்தனையும் மீறப்பட்டது. எனக்குத் தெரியாததால் நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த நோட்டை நாம் பார்க்கலாம். நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017லிருந்து இது உரிமை. நாமே பார்த்தால் எண் குறையாது. தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். "செட்டில்மென்ட் பண்ணிக்கலாம், பாதி கட்டினா போதும்" என்று ஏஜென்ட் சொன்னால் யோசியுங்கள்: அது முடிந்த கடனாக ஏறாது, செட்டில்மென்ட் என்றே ஏறி வருஷக்கணக்கில் நிற்கும். ஜாமீன் போடுமுன் அது உங்கள் கடன் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதோடு நின்றால் நாம் வங்கிக்கு நல்ல வாடிக்கையாளர்களைத் தயாரித்துக் கொடுப்பவர்களாகிவிடுவோம். என் தவணை தவறியதற்குக் காரணம் ஒழுக்கக் குறைவு இல்லை, ஒப்பந்தமுறை. அதற்கு யார் எண் போடுவது? வங்கிகள் தங்கள் கடனில் 12 சதவீதம் நலிந்த பிரிவினருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதில் இந்தக் காலனிக்கு எவ்வளவு வந்தது என்று கிளை வாசலில் நின்று கேட்க வேண்டாமா? 2025இல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு சிபில் பார்ப்பது என்று வந்தபோது நிலமுள்ள விவசாயிகள் கொதித்துப் போராடினார்கள். நிலமில்லாத நமக்காக யார் கொதிப்பது? விவசாயத்துக்கும் தொழிலுக்கும் முதலைக் கொடுப்பது அரசின் கடமை என்று அண்ணல் அம்பேத்கர் 1947இலேயே 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் எழுதி வைத்தார். கடன் கருணையில்லை என்பதுதான் அதன் பொருள்.

எனக்குக் கடன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. அந்த வண்டிக் கடனை நண்பரும் நானும் சேர்ந்து அடைத்தோம். அடைத்த பிறகும் அறிக்கையில் பாக்கி என்றே இருந்தது. புகார் கொடுத்துத் திருத்தினேன். மறுபடியும் மனு போட்டிருக்கிறேன். இந்தமுறை மறுப்பதென்றால் எழுத்தில் கொடுங்கள், மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். "நீங்க உட்காருங்க" என்றார் மேனேஜர்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் காலனித் திண்ணையில் உட்காருங்கள். ஒரு போன் போதும். அக்காமார், அண்ணன்மாரின் அறிக்கையை எடுத்துப் படித்துச் சொல்லுங்கள், தெலுங்கிலோ கன்னடத்திலோ தமிழிலோ. தாத்தாவுக்குப் படித்துச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

ஜெய் பீம்.