செங்காந்தளை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல்



தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்துரைத்த 99 மலர்களுள் முதற்கண் நிற்பதும் இதுவே. கார்த்திகை மழையில் வேலிகளில் பூப்பதால் ஜனங்கள் இதனைக் கார்த்திகைப் பூ என்பர். கிழங்கின் வடிவம் பற்றிக் கலப்பைக் கிழங்கு என்றும் வழங்குவர்.

நாவலூர் முன்னாளில் வயலும் ஏரியும் உயிர்வேலியுமாக விளங்கிய கிராமம். பழைய மாமல்லபுரம் சாலை விரிந்து கட்டிடங்கள் பெருகியபின், உயிர்வேலி நின்ற இடங்களில் சுற்றுச்சுவர்கள் எழுந்தன. வேலி போனால் வேலிக்கொடியும் போகும். மருந்துச் சரக்குக்காகக் காட்டுக் கிழங்கைத் தோண்டி விற்பதும் இக்கொடி அருகுவதற்கு ஒரு காரணம். ஆதலின் நடுவதற்குப் புதர்களிலிருந்து கிழங்கு எடுத்தலாகாது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் பகுதிகளில் குடியானவர்கள் விதைக்காக இதனைப் பயிரிடுகின்றனர். அவர்களிடமிருந்து சங்கத்தார் ஒன்றுகூடிக் கிழங்கு வருவித்தல் நலம். ஒவ்வொருவர்க்கும் செலவு குறையும்.

கிழங்கு 50 முதல் 60 கிராம் எடையுள்ளதாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே முளைதான் உண்டு. அது முறிந்தால் அக்கிளை முளைக்காது. ஆகையால் முளையைத் தொடாது எடுத்தாளுக. ஆனி, ஆடி மாதங்களில், நீர் தேங்காத மணல் கலந்த மண்ணில், தொழு உரமிட்டு, நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்கையாக நடுக. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொடி ஏறும். முள்கிளுவை வேலியோ மெல்லிய குச்சிகளோ போதும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

சூலகத்தண்டு பக்கவாட்டில் வளைந்து நிற்பதால் மகரந்தம் தானே எளிதிற் சேர்வதில்லை. விதை வேண்டுவோர் காலையில் மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டு வைப்பர். காய் முற்றிக் கொடி காய்ந்ததும் நீர் பாய்ச்சுதலை நிறுத்துக. கொடி மடிந்தாலும் செடி மடிவதில்லை. பழைய கிழங்கு சுருங்கி, புதுக் கிழங்கு மண்ணுள் உறங்கி, அடுத்த பருவத்தில் முளைக்கும். விதையிலிருந்து வளர்ப்போர் பூவுக்குச் சில ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும்.

இனி முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இச்செடி முழுதும் விஷம். கிழங்கிலும் விதையிலும் மிகுதி. கீல்வாதத்திற்கு மருந்தாகும் கோல்சிசின் என்னும் பொருளே அளவு மிஞ்சினால் உயிரைப் போக்கும். வேகவைத்தாலும் அவ்விஷம் நீங்காது. இலங்கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கென்று எண்ணி இதனை உண்டு இறந்தோர் உளர். ஆகவே வள்ளிக்கிழங்குப் பாத்தியருகே இதனை நடலாகாது. கிழங்கைச் சமையலறையில் வைத்தலும் ஆகாது. தோண்டியபின் கைகளை நன்கு கழுவுக. சிறு குழந்தைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீட்டார், அவை எட்டாத வேலிக்குள் நடுதல் இயலாதாயின், நடாதிருத்தலே நன்று. எவரேனும் தவறி உண்டால், வாந்தி வரும்வரை காத்திராமல், எஞ்சிய கிழங்கையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுக. நாட்டு வைத்தியம் பார்த்துக் காலம் போக்குதல் பெரும் ஆபத்து.

இவ்வளவு ஜாக்கிரதையுடன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று கிழங்கு நட்டு, பெருகியதை அடுத்த வீட்டாருக்கு விவரம் சொல்லிப் பகிர்ந்தால், ஊரின் வேலிகளில் இக்கொடி மீண்டும் ஏறும்.