எல்லை தாண்டும் சரக்கும் எல்லையில் நிற்கும் மருந்தும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் தடையற்ற வணிகம் பற்றிப் பேசப் பணித்தார்கள். மருந்தை முன்வைத்து அதைப் பேசுகிறேன். சோப்பு விலை ஏறினால் வேறு சோப்பு வாங்கலாம். சுகர் மாத்திரை விலை ஏறினால் நோயாளி அதைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவார். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஏழைக்கு எட்டும் விலைக்கு மருந்தைக் கொண்டுவந்தவை நாம் இயற்றிக்கொண்ட சட்டமும், அரசே மொத்தமாக வாங்கித் தரும் ஏற்பாடும். வணிகம் தானாக அதைச் செய்துவிடவில்லை.

1. வாங்கப் போகும் செலவு

அட்டையில் அச்சிட்டது மட்டும் மருந்தின் விலை ஆகாது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் இருப்பவர் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து மாத்திரை வாங்கினால், பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலி இழப்பும் அதில் சேரும். துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு பேர் கூலி போகும்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இந்தக் கணக்கு உண்டு. அங்கே முதியவர்கள் பேருந்தில் கனடாவுக்குப் போய் மலிவாக மருந்து வாங்கி வந்தார்கள். 2019-இல் மின்னசோட்டாவிலிருந்து சர்க்கரை நோயாளிகள் குழுவாகக் கனடாவுக்குப் போய் இன்சுலின் வாங்கினார்கள். இத்தனைக்கும் இன்சுலினைக் கண்டறிந்தவர்கள் 1923-இல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள்.

1994-இல் வட அமெரிக்க வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. கார்களும் உதிரிப் பாகங்களும் தாராளமாக எல்லை கடந்தன. மருந்து அப்படிக் கடக்கவில்லை. அமெரிக்காவில் தயாராகி வெளியே போன மருந்தை, தயாரித்தவரைத் தவிர மற்றவர் திரும்பக் கொண்டுவர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருந்தது. கனடாவோ அதே ஆண்டில், காப்புரிமை மருந்துகளின் விலையைக் கண்காணிக்க ஒரு வாரியம் அமைத்தது. விற்பவருக்குத் திறந்த எல்லை வாங்குபவருக்குத் திறக்கவில்லை.

2. சட்டம் தந்த காப்பு

நம் கதை வேறு. நீதிபதி இராஜகோபால அய்யங்கார் 1959-இல் காப்புரிமைச் சட்டம் குறித்து அறிக்கை தந்தார். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் பெரும்பகுதி அந்நியர் கையில் இருப்பதை அது எடுத்துக்காட்டியது. அதன் அடிப்படையில் எழுந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. மருந்துப் பொருளுக்குத் தரவில்லை. ஆகவே நம் நிறுவனங்கள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்றன.

1995-இல் உலக வணிக அமைப்பு பிறந்தது. அதன் விதிப்படி 2005-இல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. ஆனால் நாடாளுமன்றம் 3(ஈ) என்ற பிரிவையும் திருத்தி வலுப்படுத்தியது. பழைய மருந்தின் புதிய வடிவம், குணமளிக்கும் திறன் கூடாதவரை காப்புரிமை பெறாது என்கிறது அது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் வழக்கு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் தொடங்கியது. 2006-இல் விண்ணப்பம் அங்கே நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போது அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். உள்நாட்டு மருந்துக்கு சுமார் 10,000 ரூபாய்.

காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் அந்த மருந்தைச் செய்ய இன்னொருவருக்கு அரசு தரும் கட்டாய உரிமம் மற்றொரு காப்பு. பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான நெக்ஸாவர் மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012-இல் நாட்கோ நிறுவனத்துக்கு அரசு உரிமம் தந்ததும் அதே மருந்து 8,880 ரூபாய்க்குக் கிடைத்தது.

3. மொத்தமாக வாங்கும் அரசு

சட்டம் மலிவாக்கிய மருந்தை மக்களிடம் சேர்த்தது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் தொடங்கிய இக்கழகம் வணிகப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் மூலப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிக்கிறது. மாவட்டக் கிடங்குகள் வழியாக மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. பி.எச்.சி.யில் காசில்லாமல் கிடைக்கும் பி.பி. மாத்திரைக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மலை ஊருக்கு இதன் பயன் இரட்டிப்பு: மருந்துக்கும் செலவில்லை, அதை வாங்கப் போகும் செலவும் இல்லை.

4. ஒப்பந்தங்களில் விழிப்பு

2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் இந்தியா வணிக ஒப்பந்தம் செய்தது. மருந்துச் சோதனைத் தரவுகளைச் சார்ந்து மலிவு மருந்து செய்வோர் அனுமதி பெறுவதைத் தடுக்கும் பிரத்தியேக உரிமையைத் தர இந்தியா அதில் இணங்கவில்லை. அது சரியான முடிவு. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் செய்த ஒப்பந்தமோ, மருந்து கிடைக்கச் செய்ய விருப்ப உரிமமே உகந்த வழி என்கிறது. விருப்ப உரிமம் என்பது காப்புரிமை வைத்திருப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது. கட்டாய உரிமச் சட்டம் ஏட்டில் அப்படியே இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் துணிவை இத்தகைய வாசகம் குறைத்துவிடும்.

வணிகத்தை நான் எதிர்க்கவில்லை. நம் மருந்து உலகெங்கும் போவதால் பல நாட்டு ஏழைகளும் பிழைக்கிறார்கள். அந்த வணிகம் செழிக்கட்டும். ஆனால் 3(ஈ) பிரிவும், கட்டாய உரிமமும், அரசின் மொத்தக் கொள்முதலும் பேரம் பேசி விட்டுக்கொடுக்கும் பொருள்கள் அல்ல.

மாணவர்களே, அடுத்த ஒப்பந்தம் வரும்போது சுங்க வரிப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தைத் தேடிப் படியுங்கள். அதில் உள்ளதை ஊராருக்கு எடுத்துச் சொல்லுங்கள்; உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேள்வி கேளுங்கள். மருந்து விலை அங்கேதான் முடிவாகிறது.